காணாமல் போன கோப்பும் தொட்டிப்பாளையத்துச் சன்னமும்

அந்தக் கோப்பு கணினியை விட்டு இறங்கிப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றரை மணிக்கு. தொட்டிப்பாளையம் மூன்றாவது தெரு முனையில் காதுக்கருவிக் கடை வைத்திருக்கும் சுலோச்சனா அப்போது அந்தக் கணினிக்கு முன்னால்தான் உட்கார்ந்து தேங்காய் பன் தின்றுகொண்டிருந்தாள், ஆனாலும் அது போனதை அவள் பார்க்கவில்லை, ஏனென்றால் கோப்புகள் போகும்போது சொல்லிக்கொண்டு போவதில்லை, செருப்பு மாட்டும் சத்தமோ கதவு கிரீச்சிடும் சத்தமோ வருவதில்லை, அப்படியே வந்திருந்தாலும் தொட்டிப்பாளையத்தில் அது யார் காதிலும் விழுந்திருக்காது.

அங்கே நாலாயிரம் விசைத்தறிகள் ஓடுகின்றன. நூலைச் சுமக்கும் நாடா இந்தப் பக்கம் போய் அடித்து, அந்தப் பக்கம் வந்து அடித்து, அந்த அடியில் சுவரில் மாட்டிய கல்யாணப் போட்டோக்கள் எல்லாம் கோணலாகி, கோணலாகவே பழகி, பிறந்த பிள்ளை தாலாட்டைக் கேட்கும் முன்னால் தறியைக் கேட்டு வளர்ந்து, ஐம்பது வயதைத் தொடுவதற்குள் ஊரில் பாதிப்பேருக்குக் காது மந்தமாகிவிடும். அதனால் அந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எதிரில் நிற்பவர் சொன்னது கேட்கவில்லை என்றால் ஒரு தடவை 'என்னங்க' என்பார்கள், இரண்டாம் தடவையும் கேட்கவில்லை என்றால் தலையை ஆட்டி 'ஆமாங்க' என்று சொல்லிவிடுவார்கள், ஏனென்றால் மூன்றாம் தடவை கேட்டால் செவிடு என்று பெயர் விழும். தறிக்காரர் அர்த்தநாரி இப்படித்தான் யாரோ எதற்கோ கேட்டதற்கு ஆமாங்க என்று சொல்லி, ஏழு வருடமாக மாரியம்மன் நோம்பிக்குத் தீமிதித்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு அப்படி ஒரு வேண்டுதல் எதுவும் இல்லை.

சுலோச்சனாவும் அதே ஊரில் பிறந்தவள்தான். அவள் கடையில் இருந்தது இருபது வருடத்துப் பழைய கணினி, அதைவிடப் பழைய ஒரு மென்பொருள், அந்த மென்பொருளை விட்டால் ஊரில் இருக்கும் இருநூற்றுச் சொச்சம் பழைய காதுக்கருவிகளைச் சீர்படுத்த வேறு வழி கிடையாது. அன்றைக்குக் கணினி ரொம்பவும் திணறியதால், எப்போதோ ஏற்றி வைத்திருந்த கேரம் விளையாட்டை எடுத்துவிடலாம் என்று பார்த்தாள். பாதியில் கணினி அவளிடம் ஒன்று கேட்டது. இன்னின்ன கோப்புகளைப் பல மென்பொருள்கள் பொதுவாக வைத்துப் புழங்கி வந்தன, இப்போது யாரும் புழங்குவதாகத் தெரியவில்லை, எடுத்துவிடலாமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. தெருவுக்கு ஒரே ஏணி வைத்துக்கொண்டு ஏழு வீட்டுக்காரர்கள் புழங்குவதைப் போன்ற கோப்புகள் அவை. இரண்டு தடவை படித்தும் அவளுக்கு விளங்கவில்லை. மூன்றாம் தடவை படிக்காமல், 'எல்லாவற்றுக்கும் ஆம்' என்பதை அழுத்திவிட்டு மிச்ச பன்னைத் தின்றாள்.

மத்தியானம் சரசு தன் மகள் கோதையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். கோதைக்கு மூன்றரை வயது. பிறவியிலேயே காது மந்தம், சத்தம் கேட்கும், சொல் கேட்காது, தறி ஓடுவது தெரியும், அம்மா கூப்பிடுவது தெரியாது. ஈரோட்டு டாக்டர், நாலு வயதுக்குள் சொற்கள் உள்ளே போய்விட வேண்டும், அதற்கப்புறம் ஒவ்வொரு மாதமும் கஷ்டம்தான் என்று சொல்லியிருந்தார். ஒரு முகாமில் யாரோ கொடுத்த பழைய கருவி இரண்டு கிடைத்திருந்தன. அவற்றை அந்தப் பிள்ளையின் காதுக்குத் தக்கபடி சீர்படுத்தித் தருகிறேன் என்று சுலோச்சனா தேதி கொடுத்திருந்தாள்.

கோதையை ஸ்டூலில் உட்காரவைத்து, கருவியில் வயரைச் சொருகி, மென்பொருளைத் திறந்ததும் திரையின் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி வந்து நின்றது.

"என்னங்க்கா சொல்லுது?" என்றாள் சரசு.

"ஒரு பைலைக் காணோமுங்குது."

"வெச்ச எடத்துல தேடிப் பாருங்க."

"வெச்சது நானில்ல அம்மிணி. சாப்ட்வேர்காரனுகளே வெச்சு அனுப்புனது."

பெட்டியின் அடியில் 'சரி' என்று ஒரே ஒரு பொத்தான் இருந்தது. வேறு பதில் சொல்ல அதில் இடம் இல்லை. சுலோச்சனா சரி என்றாள். மென்பொருள் மூடிக்கொண்டது.

அதற்கப்புறம் மூன்று நாள் அவள் செய்யாதது இல்லை. அணைத்துப் போட்டுப் பார்த்தாள். குப்பைத்தொட்டியைத் திறந்து பார்த்தாள், காலியாக இருந்தது. மறுபடி நிறுவலாம் என்று சிடியைத் தேடினால், அது மாடியில் புறாக்களை விரட்டக் கட்டித் தொங்கவிட்டிருந்த ஆறு சிடிகளில் மூன்றாவதாக, வெயிலில் வெள்ளிப்பூச்சு கழன்று ஆடிக்கொண்டிருந்தது. மென்பொருள் செய்த கம்பெனியை இன்னொரு கம்பெனி வாங்கி, அதை இன்னொன்று வாங்கி, கடைசியாக எடுத்த போனில் ஒரு பெண் அப்படி ஒரு பொருளை நாங்கள் செய்ததே இல்லை என்றாள். பள்ளிபாளையத்திலிருந்து கணினி மெக்கானிக் சென்னியப்பன் வந்து, இணையத்தில் கண்ட இடத்தில் கிடைத்த கோப்பு ஒன்றை இறக்கினார். அதோடு கூட நாற்பது விளம்பரங்கள் வந்தன, அவற்றை விரட்டவே ஒரு நாள் ஆனது. ஈரோட்டுக் கடை ஒன்றிலிருந்து அதே பெயருள்ள கோப்பைக் கேட்டு வாங்கி வைத்தார்கள். பெட்டி வேறு மாதிரிப் பேசியது.

"பைல் இருக்குதுங்க, ஆனா அதுக்கு நம்ம வேலை தெரியாது" என்றார் சென்னியப்பன். "பேரு ஒண்ணு, ஆளு வேற. புதுசு. பழைய சாப்ட்வேர் கூப்பிடறப்ப இது முழிக்குது."

"அப்ப பழசு எங்கீங்கண்ணா போச்சு?"

"நீங்கதான அனுப்பி வெச்சீங்க" என்றார் அவர்.

காணாமல் போன மறுநாள், புதன்கிழமை காலையிலேயே அது நாலாவது தெருவில் இருந்தது, ஆனால் அதுதான் இது என்று அப்போது யாருக்கும் தெரியாது. அர்த்தநாரி பட்டறையில் தறி ஓட்டிக்கொண்டிருந்தார். நாடா ஓடுகிறது, பலகை அடிக்கிறது, துணி சுருளுகிறது, சத்தம் மட்டும் ஆற்றுக்கு அக்கரையில் ஓடுவது போலத் தேய்ந்துவிட்டது. மிச்சமிருந்த காதும் இன்றோடு போயிற்று என்று அவர் நினைத்தார், நினைத்து, சரி போகட்டும் என்று பாவு நூலைச் சரிபார்க்கக் குனிந்தபோது, பக்கத்துத் தறியில் நிற்கும் தங்காயி முணுமுணுப்பது தெளிவாகக் கேட்டது. இருபத்திரண்டு வருடமாக அந்த அம்மாள் அவர் பக்கத்தில் நின்று உதட்டை அசைத்துக்கொண்டே இருக்கிறாள், என்ன சொல்கிறாள் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை.

"ஓடு கண்ணு, அறுக்காம ஓடு, இன்னும் ஒரு முழம்தான் சாமி" என்று தறியிடம் கொஞ்சிக்கொண்டிருந்தாள் தங்காயி.

"நான் என்னையத் திட்டறீங்கன்னுல்ல நெனச்சுட்டு இருந்தேன்" என்றார் அர்த்தநாரி.

தங்காயி திரும்பினாள். அவளுக்கும் கேட்டுவிட்டது. "உங்களத் திட்டறதுக்கு எனக்கு எங்கீங்க நேரம்" என்றாள்.

அந்த இடம் ஒரு லாரித் தார்ப்பாயை விரித்த அகலம் இருக்கும். அதற்குள் நின்றால் தறிச்சத்தம் அடங்கிவிடும், மனிதப் பேச்சு மட்டும் முன்னால் வந்து நிற்கும், எவ்வளவு மெல்லப் பேசினாலும் எழுத்தெழுத்தாக விழும். ஒரே இடத்தில் நிற்காது, நிழல் நகர்வது போல நகர்ந்துகொண்டிருக்கும். நிழல் நகர்வதைப் பார்த்து யாரும் ஆச்சரியப்படுவதில்லை, அதைப் போலத்தான் ஊரும் இதை எடுத்துக்கொண்டது. தங்காயிதான் அதற்குச் சன்னம் என்று பெயர் வைத்தாள். வெள்ளிக்கிழமைக்குள் ஊரே அந்தப் பெயரைச் சொன்னது. சன்னம் எங்கே இருக்கிறது, சன்னம் கோயில் பக்கம் திரும்பிவிட்டதா, சன்னம் வந்தால் என்னையும் கூப்பிடு.

டீக்கடைக்காரர் பெஞ்சைத் தூக்கிச் சன்னத்துக்குள் போட்டார், அது நகர நகர பெஞ்சும் நகர்ந்தது, பெஞ்சில் இருந்தவர்கள் டம்ளரோடு எழுந்து எழுந்து உட்கார்ந்தார்கள். கத்தியே பேசிப் பழகியவர்கள் சன்னத்துக்குள் வந்து வாயைத் திறந்ததும் தங்கள் குரலைக் கேட்டுத் தாங்களே கூச்சப்பட்டு, ரெண்டு நாளில் சன்னமாகப் பேசப் படித்தார்கள். பெண் பார்க்க வந்த பவானிக்காரர்கள், எங்கே ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்கள் பார்ப்போம் என்று பெண்ணைச் சன்னத்துக்குள் நிறுத்த, அவர் முதலில் பேசட்டும் என்று அவள் மாப்பிள்ளையைக் காட்டினாள். கவுன்சிலர், சன்னம் நிற்கும் இடம், காலை ஏழு முதல் ஒன்பது வரை என்று தன் வீட்டு முன்னால் ஒரு போர்டு வைத்தார். அந்தப் பக்கம் மட்டும் அது போகவே இல்லை. பட்டறை முதலாளிகளுக்கு அதனால் தொந்தரவு உண்டு, இழை அறுந்தால் தறிக்காரர்கள் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள், சன்னம் வந்து நின்றால் அறுந்தது தெரியாமல் அரை முழம் பழுதாக ஓடிவிடும். வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டிப் பார்த்தார்கள். அதற்கடியில் புகுந்து அது உள்ளே வந்தது. கடைசியில் ஊரே கூடி ஒரு முறை வைத்தது: முதலில் பால் குடிக்கிற பிள்ளைகள், அப்புறம் தலைவலிக்காரர்கள், அப்புறம் கட்டிக்கொடுத்த மகளோடு போன் பேசுகிறவர்கள், சண்டை போடுகிறவர்கள் வெளியே போய்ப் போடவேண்டியது.

தங்காயிக்கு மட்டும் தனி உரிமை இருந்தது. அவள் காதுக்குள் இருபது வருடமாக ஒரு வண்டு ரீங்காரம் இட்டுக்கொண்டிருந்தது, தறி நின்றாலும் அது நிற்காது. சன்னத்துக்குள் அது நின்றது. மத்தியானச் சோற்று வேளையில் சன்னம் எங்கே இருந்தாலும் அவள் பாயைச் சுருட்டிக்கொண்டு அங்கே போய்ப் படுப்பாள், தெருவாக இருந்தாலும் படுப்பாள், ஆட்டோக்கள் சுற்றிக்கொண்டு போகும். அவள் தூங்கும்போது முகம் சின்னப்பிள்ளை முகம் போல ஆகிவிடுவதைப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

சனிக்கிழமை, சீர்படுத்தாத கருவிகளைச் சும்மா காதில் மாட்டிவிட்ட கோதையோடு சரசு டீக்கடை பெஞ்சைத் தாண்டிப் போனாள். பெஞ்சில் ஒருவர், "சக்கரை கம்மியாப் போடுங்க" என்றார். கோதை திரும்பிப் பார்த்தது.

சரசு நின்றுவிட்டாள். பிள்ளையின் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிவிட்டு, "இன்னொருக்காச் சொல்லுங்கண்ணா" என்றாள்.

"என்னத்த?"

"சொன்னதத்தான்."

"சக்கரை கம்மி."

கோதை மறுபடி திரும்பியது. சரசு அந்த மனிதரைப் பதினோரு தடவை சொல்லவைத்தாள், அவருக்கு டீ ஆறிப்போனது, பதினோராவது தடவை கோதை அவர் வாயைப் பார்க்காமலே "சக்க" என்றது. அடுத்த நிமிடம் சன்னம் நகர்ந்து சந்துக்குள் போய்விட்டது. கோதையின் முகம் பழையபடி ஆனது.

அன்றிலிருந்து சரசுவுக்கு வேலை அதைத் துரத்துவதுதான். ஊர் அவளுக்குத் துப்புச் சொன்னது, இப்போது பஞ்சர் கடையில், இப்போது ரேஷன் கடை வரிசையில், இப்போது காளியாத்தா கோயில் பின்னால் என்று போன் மேல் போன் வரும், அவள் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடுவாள், ஓடிப்போய் மூச்சு வாங்க நின்று, கை, மூக்கு, காக்கா, அம்மா என்று அவசர அவசரமாகச் சொல்லுவாள். பிள்ளை வாயைக் குவிக்கும் நேரத்தில் அது நகர்ந்துவிடும். காக்கா என்று அவள் சொன்னால் கா மட்டும் உள்ளே விழும், மிச்சம் வெளியே சிதறிவிடும். மூன்று நாளில் கோதைக்கு இருபது பாதிச் சொற்கள் தெரிந்திருந்தன.

செவ்வாய்க்கிழமை அவள் சுலோச்சனா கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். "அதுக்குள்ள நின்னா எம்புள்ளைக்குக் கேக்குதுங்க்கா, வெளிய வந்தா இல்ல" என்றாள். "பாதி வார்த்தையோட நிக்குது. எத்தன நாளைக்குத் தூக்கீட்டு ஓடறது? ஊட்டுல ஒக்காந்து நான் பேசறது அவளுக்குக் கேக்கோணும். வேறொண்ணும் எனக்கு வேண்டாம்."

சுலோச்சனா சத்தம் அளக்கும் சின்ன மீட்டரை எடுத்துக்கொண்டு அவளோடு போய்ச் சன்னத்துக்குள் நின்றாள். கனத்த சத்தங்கள் கீழே போயிருந்தன. மெல்லிய எழுத்துகள், ச, த, க எல்லாம் மேலே வந்திருந்தன. எந்தச் சத்தத்தை அமுக்குவது, எதை எடுத்துக் கொடுப்பது என்று பிரிப்பதுதான் காணாமல் போன அந்தக் கோப்பின் வேலை. பத்து வருடமாகத் தினமும் அதோடு வேலை பார்த்தவளுக்கு அதன் கை தெரியாமல் போகுமா. மீட்டரைப் பைக்குள் போட்டாள்.

"இது நம்ம பைலு" என்றாள்.

சென்னியப்பனுக்குப் போன் போட்டதும் அவரும் அப்படித்தான் இருக்கும் என்றார். "எடுத்துப்போட்டா அழிஞ்சுருதுன்னு சனங்க நெனைக்கறாங்க. அழியறதில்லீங்க. கம்ப்யூட்டரு அந்த எடம் காலின்னு எழுதி வெச்சுக்கும், அவ்வளவுதான். பைலு சும்மா இருக்குமா? அதுக்குத் தெரிஞ்ச வேலை ஒண்ணே ஒண்ணு. எங்க சத்தம் ஜாஸ்தியோ அங்க போய்ப் பாக்க ஆரம்பிச்சுருச்சு."

அதைக் கடைக்கு வரவழைக்கப் பார்த்தார்கள். வழி நெடுக ஆட்கள் நின்று மெல்லப் பேசினால் அது பேச்சைப் பிடித்துக்கொண்டே வரும் என்று அர்த்தநாரி சொன்ன யோசனைப்படி, நாலாவது தெருவிலிருந்து கடை வரைக்கும் நூறு பேர் இரண்டு வரிசையாக நின்று, என்ன குழம்பு, எப்போ வந்தீங்க, காய்ச்சல் தேவலையா என்று சன்னமாகப் பேசிக்கொண்டே இருந்தார்கள். வந்தது. கடைப் படி வரைக்கும் வந்தது. அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போய்விட்டது.

"அதோட எடத்துல இப்ப வேற எதோ ஒக்காந்திருக்கு" என்றார் சென்னியப்பன். "தன் எடத்துல இன்னொருத்தர் இருந்தா ஆருதான் உள்ள போவாங்க? அதக் கூப்புட வேண்டாம். சாப்ட்வேரு ஒரு பைலத் தேடறப்ப மொதல்ல தான் நிக்கற எடத்துலதான் தேடும், அப்புறம்தான் வெளிய போகும். கம்ப்யூட்டரத் தூக்கீட்டுப் போய் சன்னத்துக்குள்ள வெச்சுத் தொறந்து பாப்பம்."

"தொறந்தா?"

"கெடைச்சுரும்."

"வெளிய இருக்கறது?"



இது ஊர்ச் சொத்து ஆகிவிட்டதால் ஊரைக் கேட்காமல் செய்ய முடியாது. அன்று மாலையே பஞ்சர் கடை முன்னால் கூடினார்கள். சன்னம் அப்போது அங்கே இருந்தது, அதனால் தொட்டிப்பாளையத்தின் சரித்திரத்தில் முதல் தடவையாக ஒரு கூட்டத்தில் எல்லோரும் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. சுலோச்சனா நடந்ததைச் சொன்னாள், கேரமையும் சொன்னாள்.

"படிக்காம எதுக்கு ஆமாம்னு அமுக்குனீங்க?" என்றார் கவுன்சிலர்.

"நீங்க எல்லாரும் எதுக்குச் சொல்றீங்களோ, அதுக்குத்தான்."

கூட்டத்தில் சிரித்தார்கள். அர்த்தநாரி தன் பாதங்களைப் பார்த்துக்கொண்டார்.

தங்காயி சிரிக்கவில்லை. "உள்ள போனா திரும்பி வருமா?" என்று கேட்டாள்.

"தெரியாதுங்க்கா. அநேகமா வராது" என்றாள் சுலோச்சனா.

"அப்ப நான் ஒத்துக்க மாட்டேன். ஒரு புள்ளைக்கு வேணும்னு சொல்றீங்க, வேண்டாம்னு சொல்ல எனக்கும் நாக்கு வரல. ஆனா இருவது வருசங்கழிச்சு இப்பத்தான் தூங்கறேன். அதையும் புடுங்கிக்கிட்டா நான் எங்க போறது?"

சரசு எழுந்து போய்த் தங்காயிக்கு முன்னால் நின்றாள். "நான் என்னங்க்கா சொல்றது" என்றாள். "நீங்க தூங்கறப்ப எத்தன வாட்டி பாத்திருக்கறேன். எழுப்பவே மனசு வராது. புள்ளைய வெச்சுட்டுத் தள்ளியே நின்னுக்குவேன். ஒரு வார்த்தை, ரெண்டு வார்த்தை, அதுக்குள்ள அது போயிரும். இவளுக்கு அஞ்சு மாசந்தான் பாக்கி. உங்களுக்குத் தூக்கம் போச்சுன்னா நாளைக்கு வரலாம். இவளுக்கு நாளைக்கு இல்ல."

தங்காயி பிள்ளையைப் பார்த்தாள். பிள்ளை அவள் மூக்குத்தியைப் பார்த்தது.

"எனக்கு ஒரு நாள் குடு" என்றாள் தங்காயி. "நாளைக்கு ஒரு நாள் தூங்கிக்கறேன். நாளன்னிக்குக் கொண்டாங்க உங்க பொட்டிய."

புதன்கிழமை தங்காயி வேலைக்குப் போகவில்லை. சன்னத்துக்குள் பாயை விரித்துக் காலையிலிருந்து சாயங்காலம் வரை தூங்கினாள். அது நகர்ந்தபோதெல்லாம் தெருப்பெண்கள் நாலு பேர் பாயின் நாலு முனையையும் பிடித்து, அவளைக் கலைக்காமல் தூக்கி நகர்த்தி வைத்தார்கள். பால் குடிக்கிற பிள்ளைகள்கூட அன்று முறை கேட்கவில்லை.

வியாழக்கிழமை காலை, நூல் பீம் ஏற்றும் தள்ளுவண்டியில் கணினியையும் திரையையும் போர்வை சுற்றி வைத்து, சென்னியப்பன் முன்னால் இழுக்க அர்த்தநாரி பின்னால் தள்ள, நாலாவது தெருவில் அர்த்தநாரியும் தங்காயியும் வேலை செய்யும் பட்டறைக்குக் கொண்டுபோனார்கள். சன்னம் அங்கே நூலைத் தாரில் சுற்றும் மிஷினுக்குப் பக்கத்தில் நின்றிருந்தது. கணினியை மாட்டினார்கள். மென்பொருளைத் திறந்தார்கள். சாம்பல் பெட்டி வரவில்லை, மென்பொருளின் முகப்பு மெல்ல வர ஆரம்பித்தது, பாதி வந்தது, அந்த நேரத்தில் பக்கத்துப் பட்டறையில் எட்டுத் தறிகள் ஒன்றாகக் கிளம்ப, கரண்ட் தாழ்ந்து கணினி அணைந்துவிட்டது. மறுபடி போட்டார்கள், மறுபடி அணைந்தது. சுலோச்சனாவின் பழைய பேட்டரி நாலு நிமிடம்தான் தாங்கும். திறந்து, கருவியைப் பொருத்தி, பிள்ளையின் காதுக்கு ஒவ்வொரு சத்தமாக வைத்துப் பார்த்து முடிக்க நாற்பது நிமிடம் வேண்டும்.

"லைன்மேன்கிட்டச் சொல்லி லைன அணைச்சா?" என்றாள் சரசு.

"அணைச்சா இதும் சேந்து அணைஞ்சு போகும்" என்றார் சென்னியப்பன். "இந்த டிரான்ஸ்பார்மர்ல மூணு தெரு இருக்குது. அத்தன தறியையும் ஆளுக ஒவ்வொண்ணாக் கையில நிறுத்துனாத்தான் உண்டு. எந்த முதலாளி நிறுத்துவாரு?"

தங்காயி தலைமுடியை முடிந்துகொண்டு எழுந்தாள். முதலில் தன் தறியை நிறுத்தினாள். அப்புறம் பக்கத்துப் பட்டறை வாசலில் போய் நின்று, இரண்டு முஷ்டிகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துக் காட்டினாள். தறிக்காரர்கள் ஜாடையில் அதற்கு நிறுத்து என்று அர்த்தம், யாராவது கை மாட்டிக்கொண்டால் மட்டும்தான் அதைக் காட்டுவார்கள், அதைக் கண்டால் யாரும் எதற்கென்று கேட்பதில்லை. அந்தப் பட்டறை நின்றது. அடுத்த பட்டறைக்குப் போனாள். முதலாளி ஒருவர் குறுக்கே வந்து என்னம்மா என்று கத்தியபோது, அவரைச் சுற்றிக்கொண்டு போய் அவருக்குப் பின்னால் நின்று கையைக் காட்டினாள். நாலாவது தெரு நின்றது, ஐந்தாவது நின்றது, ஜாடை வாசலுக்கு வாசல் பரவி மற்றத் தெருக்களும் நின்றன, சந்துக்குள் இருந்த இரண்டு தறிப் பட்டறைகள் நின்றன, கடைசியாகப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் யாரோ ஒருவர் தனியாக ஓட்டிக்கொண்டிருந்த ஒற்றைத் தறி, இன்னும் நாலு அடி அடித்துவிட்டு நின்றது.

அப்போது ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் புறாக்கள் நடப்பது கேட்டது. யார் வீட்டிலோ குக்கர் இறங்குவது கேட்டது. வெகுதூரத்தில் காவிரிப் பாலத்தில் ஒரு லாரி ஏறுவது கேட்டது. வேலையை நிறுத்தியவர்கள் கையைத் துடைத்துக்கொண்டு வாசல்களுக்கு வந்து நின்றார்கள், ஒருவரும் உரக்கப் பேசவில்லை. எங்கேயும் சன்னமாக இருந்ததால் சன்னம் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. அது எந்த நிமிடத்தில் உள்ளே போயிற்று என்பதை இன்றைக்கு வரைக்கும் யாராலும் சொல்ல முடியாது, ஏனென்றால் அந்த நாற்பது நிமிடமும் அது தேவைப்படவில்லை.

மென்பொருள் திறந்தது. சுலோச்சனா கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கோதையைத் தங்காயி தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு சத்தமாக உள்ளே போயிற்று, ஒவ்வொன்றுக்கும் பிள்ளையின் புருவம் எழுந்து இறங்கியது. முப்பத்தெட்டாவது நிமிடத்தில் சுலோச்சனா வயரைக் கழற்றினாள். சரியாக நாற்பதில் முதல் தறி கிளம்பியது, அப்புறம் எல்லாம் கிளம்பின.

சாயங்காலம் வரைக்கும் ஆட்கள் தெருத்தெருவாகப் போய்த் தேடிப் பார்த்தார்கள். டீக்கடைக்காரர் பெஞ்சைத் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றி வந்து, கடைசியில் கடை வாசலிலேயே போட்டார். சென்னியப்பன் அந்தக் கோப்பை ஒன்பது பென் டிரைவுகளில் ஏற்றினார், ஒன்று மாரியம்மன் கோயில் பீரோவில் நகைகளோடு இருக்கிறது, மற்ற எட்டும் எட்டுத் தெருக்களில் இருக்கின்றன. இருநூற்றுச் சொச்சம் கருவிகளையும் சுலோச்சனா ஒரு மாதம் உட்கார்ந்து சீர்படுத்திக் கொடுத்தாள்.

தங்காயி காதில் வண்டு திரும்பி வந்துவிட்டது. ஆனால் அந்த வியாழனுக்கு அடுத்த நாள் மத்தியானம் அவள் சோற்றுப்போசியைக் கழுவி வைத்துவிட்டு, பட்டறை நடுவில் நின்று இரண்டு முஷ்டிகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தாள். முதலாளி முதல் வாரம் கத்தினார், இரண்டாம் வாரம் முறைத்தார், மூன்றாம் வாரம் அவரும் ஒரு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டார். இப்போது நாலாவது தெருவில் மூன்று பட்டறைகள் தினம் நாற்பது நிமிடம் நிற்கின்றன. மற்ற தெருக்களில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். வண்டு நிற்பதில்லை, கொஞ்சம் தள்ளிப் போய் உட்காருகிறது, அந்த இடைவெளியில் தூங்கிவிடலாம் என்று தங்காயி சொல்கிறாள்.

கோதைக்கு நாலு வயது ஆக ஒரு வாரம் இருந்தபோது, சரசு சமையற்கட்டில் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். பிள்ளை முன்னறையில் சுவர் ஓரமாகப் பாட்டில் மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுப் பட்டறை, ஆறு தறிகள். குழம்பில் போடக் கையை விட்டால் ஜாடி காலியாக இருந்தது.

"உப்பு தீந்து போச்சாட்டம் இருக்குது" என்று சரசு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை, உதடு பிரிந்ததா என்பதுகூட அவளுக்கு நினைவில்லை.

"உப்பு தீந்து" என்றது முன்னறையிலிருந்து ஒரு குரல்.

சரசு கத்தியைக் கீழே வைத்தாள். அப்புறம், இனிமேல் இந்த வீட்டில் எதையும் வாய்க்குள் சொல்லிக்கொள்ள முடியாது என்று நினைத்து, அதையும் சத்தமில்லாமல் நினைத்து, கையைத் துடைத்துக்கொண்டு, உப்பு வாங்கப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். தூக்கவில்லை, நடத்தியே கூட்டிக்கொண்டு போனாள், போகிற வழியெல்லாம் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன, அவள் பேசிக்கொண்டே போனாள்.